கரிசல் காட்டிலிருந்து சர்வருக்கு ஒரு கட்டளை

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் வாங்கிக் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு இன்னொரு இயங்குதளமும் இருந்தது. பாஸ் லினக்ஸ் என்று பெயர். சென்னை சி-டாக் 2007இல் முதல் பதிப்பை வெளியிட்ட இந்திய லினக்ஸ் அது. டெபியன் லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் என்று நீளும் கரிசல் பூமியிலும் பிளஸ் டூ பிள்ளைகள் அந்த மடிக்கணினியை வாங்கிவந்தார்கள். படம் பார்க்கத்தான் ஆயிற்று என்று பலரும் அலுத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி ஒதுக்கமாட்டேன். அந்தப் பழைய பெட்டியை வைத்துக்கொண்டே, சென்னையிலோ மும்பையிலோ குளிரூட்டிய அறைக்குள் ஓடும் நூறு கணினிகளைப் புதூரில் உட்கார்ந்து ஆளமுடியும். அதற்குத் தேவையான மென்பொருள் விலையில்லாமல் கிடைக்கிறது. தரவிறக்க அளவும் சில பத்து எம்பிக்குள் முடிந்துவிடும்.

பெரிய வேலைக்குப் பெரிய கணினி வேண்டும் என்ற எண்ணத்தால் கிராமத்துப் பிள்ளைகள் பலர் இந்தத் துறைக்குள் நுழையாமலே நின்றுவிடுகிறார்கள். அந்த எண்ணம் எங்கே பிசகுகிறது என்று காட்டத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சர்வரின் செயலியையும் நினைவகத்தையும் வட்டையும் பங்கிட்டு, தனித்தனிக் கணினிகள் பல இருப்பதுபோல நடத்துவதை மெய்நிகராக்கம் என்கிறோம். 64 ஜிபி நினைவகமுள்ள ஓர் இயந்திரத்துக்குள் பதினைந்து, இருபது மெய்நிகர் கணினிகள் ஓடலாம். ஒவ்வொன்றுக்கும் சொந்த இயங்குதளம், சொந்தக் கடவுச்சொல், சொந்த ஐபி முகவரி. ஒன்று விழுந்தால் மற்றது அசையாது. அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றின் மேகக் கணினிகள் எல்லாம் இந்தப் பங்கீட்டின் மேல்தான் நிற்கின்றன.

இந்தத் தொழில்நுட்பம் பிறந்தபோதே கட்டளை வரியோடுதான் பிறந்தது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையம், சிபி-40 என்ற அமைப்பை 1967 ஜனவரியில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அன்றைய பயனருக்குத் திரை கிடையாது. தட்டச்சு இயந்திரம் போன்ற முனையத்தில் ஒரு வரி அடிப்பார். பதில் காகிதத்தில் அச்சாகி வரும். உள்நுழைவதும், தனக்கான மெய்நிகர் கணினியைக் கிளப்புவதும், நிலையை விசாரிப்பதும் எல்லாம் எழுத்தால்தான். அதன் வழியில் வந்த விஎம்/370 அமைப்பை ஐபிஎம் 1972 ஆகஸ்டில் அறிவித்தது. அடுத்த ஆண்டே சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 வந்திறங்கியது. 370 குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், முதலில் விற்கப்பட்ட 155 மாடலில் நினைவக முகவரிகளை ஓட்டத்திலேயே மாற்றித்தரும் வன்பொருள் கிடையாது. விஎம்/370 ஓட வேண்டுமானால் அதைத் தனியாக விலைகொடுத்துப் பொருத்தவேண்டும். மென்பொருள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் செயலி இடம் கொடுக்காமல் மெய்நிகராக்கம் சுலபமாவதில்லை.

நம் மேசைக் கணினிகளும் இதே தடையில்தான் பல காலம் நின்றன. கெரால்ட் போப்பெக்கும் ராபர்ட் கோல்ட்பெர்க்கும் 1974இல் ஒரு விதியை வகுத்தார்கள்: இயந்திரத்தின் நிலையைத் தொடும் கட்டளை எதுவானாலும், உரிமையில்லாத நிரல் அதைக் கொடுத்தால் செயலி தடுத்து, மெய்நிகர் கணினிகளை நடத்தும் மேலாளர் நிரலிடம் ஒப்படைக்கவேண்டும். இன்டெலின் எக்ஸ்86 செயலி இந்த விதிக்கு அடங்கவில்லை. அதில் சில கட்டளைகளை உரிமையில்லாத நிரல் கொடுத்தால், மறுக்காமலும் நிறைவேற்றாமலும் செயலி சும்மா கடந்துபோய்விடும். உள்ளே ஓடும் இயங்குதளம் வேலை நடந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கும். 1998இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம், இத்தகைய கட்டளைகளை ஓடும்போதே பிடித்து மாற்றி எழுதி இதைச் சமாளித்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜென் திட்டம், உள்ளே ஓடும் விருந்தினர் இயங்குதளத்தையே திருத்தி எழுதியது. 2005இல் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் செயலிக்குள்ளேயே வழி செய்த பிறகுதான் நிலைமை மாறியது. அந்த வழியைப் பயன்படுத்தி ஆவி கிவிட்டி எழுதிய கேவிஎம், 2007 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 2.6.20 கருவுக்குள் சேர்ந்தது. அதன்பின் அத்தகைய செயலியோடு லினக்ஸ் ஓடும் கணினி எதுவும் மெய்நிகர் கணினிகளுக்கு வீடாகலாம் என்றாயிற்று. கூகுளின் மேகமும் கேவிஎம் மேல்தான் ஓடுகிறது.

சரி, அந்தச் சர்வரை எப்படி ஆள்வது? இங்கேதான் லிப்விர்ட் வருகிறது. ரெட்ஹேட்டில் இருந்த டேனியல் வெய்யார் 2005இல் தொடங்கிய திட்டம் அது. சர்வரில் லிப்விர்ட் சேவை ஒன்று பின்னணியில் எப்போதும் தயாராக இருக்கும். நம் கையில் இருப்பது விர்ஷ் என்ற சிறிய கட்டளைக் கருவி. புதூர் விவசாயி விருதுநகர் கமிஷன் கடைக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, எம் பேர்ல கெடக்குற வத்தல் மூட்டைய இன்னிக்கு வெலைக்குத் தள்ளிவிட்ருங்க" என்கிறார். மூட்டையைத் தூக்குவதும் எடைபோடுவதும் கணக்கில் ஏற்றுவதும் கடைக்காரர். இங்கிருந்து போவது குரல் மட்டும். பேசுகிறவர் இன்னார் என்று அவர் அறிந்திருந்தால் போதும். விர்ஷும் இப்படித்தான். பாரமெல்லாம் அந்தப் பக்கம். ஆகவே இந்தப் பக்கம் இருக்கும் கணினி எவ்வளவு பழையது என்பது பொருட்டில்லை.

நிறுவுவதில் பலர் குழம்புவது, எந்தப் பக்கத்தில் எதைப் போடுவது என்று பிரித்துப் பார்க்காததால்தான். டெபியன் வழிவந்த இயங்குதளத்தில் நம் மடிக்கணினிக்கு வேண்டியது லிப்விர்ட்-கிளையன்ட்ஸ் என்ற பேக்கேஜ். விர்ஷ் இதற்குள் வருகிறது. புதிய மெய்நிகர் கணினிகளை உருவாக்கவும் வேண்டுமானால் விர்ட்இன்ஸ்ட் என்ற பேக்கேஜையும் சேர்த்துக்கொள்ளலாம்; அதில்தான் விர்ட்-இன்ஸ்டால் கட்டளை இருக்கிறது. சர்வர் பக்கத்தில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கியூஎமுவும் லிப்விர்ட்-டீமன்-சிஸ்டம் என்ற பேக்கேஜும் வேண்டும். இதைத் தெரியாமல் மடிக்கணினியிலேயே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, கணினி திணறுகிறது என்று கைவிட்டவர்கள் உண்டு. ஆளுவதற்கு மட்டும் பயன்படும் கணினியில் அந்தக் கனமான சுமைக்கு வேலையே இல்லை.

டெர்மினலைத் திறந்து சுடோ ஆப்ட் அப்டேட், பிறகு சுடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்விர்ட்-கிளையன்ட்ஸ் என்று அடித்தால் வேலை முடிந்தது. முதல் கட்டளை, என்னென்ன பேக்கேஜ் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்ற பட்டியலைக் கொண்டுவருகிறது. இரண்டாவது கட்டளை, நாம் கேட்ட பேக்கேஜுக்குத் துணையாக வேறு எவை வேண்டும் என்று கணக்கிட்டு எல்லாவற்றையும் இறக்குகிறது. ஆப்ட் இதைவிட முக்கியமான வேலை ஒன்றையும் சத்தமில்லாமல் செய்கிறது. பட்டியலில் டெபியனின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா, இறங்கிய கோப்பு பட்டியலில் சொன்ன அதே கோப்புதானா என்று சரிபார்க்கிறது. வழியில் யாரும் கைவைத்திருந்தால் நிறுவ மறுத்துவிடும். இணையத்தில் எவரோ எழுதிவைத்த நிறுவல் நிரலை நேராக ரூட் அதிகாரத்தோடு ஓட்டச் சொல்லும் குறுக்குவழிகளில் இந்தக் காவல் கிடையாது. சர்வருக்கே சாவியாகப் போகும் கருவியை அப்படி நிறுவவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பழைய பாஸ் பதிப்பிலேயே இதைச் செய்யப் பார்த்தால் பேக்கேஜ் கிடங்கின் முகவரி செத்துப்போயிருக்கும். பாதுகாப்புத் திருத்தங்களும் வராது. முதலில் புதிய டெபியனையோ பாஸின் புதிய பதிப்பையோ நிறுவிக்கொள்வது நல்லது. வீட்டில் இணையம் மோசம் என்றாலும் வழி இருக்கிறது. ரிதேஷ் ராஜ் சரஃப் என்ற இந்திய நிரலாளர் எழுதிய ஆப்ட்-ஆஃப்லைன் இதற்கென்றே உள்ள கருவி. இணையமில்லாத கணினி தனக்கு வேண்டியதைச் சிறு கோப்பாக எழுதித் தரும். அதைப் பென்டிரைவில் கோவில்பட்டிக்கு எடுத்துப்போய், இணையமுள்ள கணினியில் இறக்கிக்கொண்டு திரும்பினால் போதும். கையொப்பச் சரிபார்ப்பு இதிலும் உண்டு.

சர்வர் சொந்தமாக இருந்தால் அதன் செயலி மெய்நிகராக்கத்துக்கு ஒத்துழைக்குமா என்று முதலில் பார்த்துவிடவேண்டும். செயலித் தகவல் கோப்பில் இன்டெலாக இருந்தால் விஎம்எக்ஸ் என்றும், ஏஎம்டியாக இருந்தால் எஸ்விஎம் என்றும் ஒரு குறி இருக்கும். செயலியில் வசதி இருந்தும், பயாஸில் அது அணைத்துவைக்கப்பட்டிருப்பது சகஜம். கேவிஎம் சாதனக் கோப்பு இல்லை என்று பிழை வந்தால் முதலில் பயாஸைத் திறந்து பார்க்கவேண்டும்.

இனி ஒரு பொறி. புதிதாக வரும் யாரும் தவறாமல் விழுவது இதில்தான். எல்லாம் நிறுவியாயிற்று, மெய்நிகர் கணினிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. விர்ஷ் லிஸ்ட் என்று அடித்தால் பட்டியல் காலி! பிழைச் செய்தியும் வராது. காரணம், லிப்விர்ட்டில் இரண்டு தளங்கள் உண்டு. சிஸ்டம் என்பது கணினி முழுமைக்கும் பொதுவானது. செஷன் என்பது ஒவ்வொரு பயனருக்கும் தனியானது. டெபியனில் சாதாரணப் பயனர் எந்தத் தளம் என்று சொல்லாமல் கட்டளை கொடுத்தால் விர்ஷ் அவருடைய செஷனுக்குப் போய்விடும். அங்கே அவர் எதையும் உருவாக்கியிருக்கமாட்டார். காலிப் பட்டியல் உண்மையான பதில்தான். கனெக்ட் என்ற விருப்பத்தோடு கியூஎமு சிஸ்டம் முகவரியைச் சேர்த்துக் கொடுத்தால் எல்லாம் தெரியும். ஒவ்வொரு முறையும் அதை அடிக்கவேண்டியதில்லை. பயனரின் லிப்விர்ட் அமைப்புக் கோப்பில் இயல்பு முகவரியாக ஒரு தடவை எழுதிவைத்தால் போதும்.

சிஸ்டம் தளத்துக்குள் போக, சர்வரில் லிப்விர்ட் என்ற குழுவில் நம் பயனர் பெயர் இருக்கவேண்டும். குழுவில் சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்நுழைந்தால்தான் அது அமலுக்கு வரும். இந்தக் குழுவில் ஒருவரைச் சேர்ப்பது, ஏறக்குறைய ரூட் அதிகாரத்தையே கொடுப்பதற்குச் சமம். சர்வரின் எந்த வட்டையும் ஒரு மெய்நிகர் கணினியில் செருகிப் படிக்க அவரால் முடியும். யாரைச் சேர்க்கிறோம் என்று யோசித்துச் செய்யவேண்டும்.

தொலைவிலுள்ள சர்வரோடு பேச எஸ்எஸ்எச் போதும். மடிக்கணினியில் ஒரு சாவி ஜோடியை உருவாக்கி, பொதுச் சாவியைச் சர்வரில் பதித்துவிட்டு, லிப்விர்ட் முகவரியில் கியூஎமு பிளஸ் எஸ்எஸ்எச் என்று கொடுத்தால், மடிக்கணினியிலிருந்தே விர்ஷ் அந்தச் சர்வரை ஆளத் தொடங்கிவிடும். தனியாக எந்தக் கதவையும் இணையத்துக்குத் திறந்துவிடத் தேவையில்லை. லிப்விர்ட்டுக்குக் குறியாக்கமில்லாத டிசிபி வழியும் ஒன்று உண்டு. அதை இணையத்தில் திறப்பது ஆபத்து. பழைய லிப்விர்ட்டாக இருந்தால் சர்வர் பக்கத்தில் நெட்கேட் என்ற கருவி இருக்கவேண்டும். 2020க்குப் பின் வந்த பதிப்புகளில் அந்த வேலைக்கென ஓர் உதவி நிரல் கூடவே வருகிறது.

எழுத்துக் கட்டளை ஏன் கரிசல் காட்டுக்குப் பொருந்துகிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட மடிக்கணினித் திரையின் ஒரே ஒரு படத்தைச் சுருக்காமல் அனுப்பினால் சுமார் 31 லட்சம் பைட்டுகள் வரும். தொலைதிரை மென்பொருள்கள் இதை நன்றாகச் சுருக்குகின்றன, மாறிய பகுதியை மட்டுமே அனுப்புகின்றன; ஆனாலும் மவுஸை நகர்த்த நகர்த்தப் படம் வந்துகொண்டே இருக்கவேண்டும். எல்லா மெய்நிகர் கணினிகளையும் பட்டியலிடும் விர்ஷ் கட்டளைக்கு ஆங்கிலத்தில் 16 எழுத்துகள். எஸ்எஸ்எச் குறியாக்கச் சுமையையும் பதிலையும் சேர்த்தாலும் சில ஆயிரம் பைட்டுகளுக்குள் அடங்கும். போனில் ஒற்றைக் கோடு சிக்னல் காட்டும்போது தொலைதிரை உறைந்துவிடும். கட்டளை எப்படியாவது போய்ச்சேர்ந்துவிடும்.

சிக்னல் ஊசலாடும் இடத்தில் இரண்டு பழக்கங்கள் கைகொடுக்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் எஸ்எஸ்எச் இணைப்பைப் புதிதாக ஏற்படுத்தாமல், விர்ஷுக்குள் ஒருமுறை நுழைந்து அங்கேயே அடுத்தடுத்து அடிக்கலாம். ஒவ்வொரு இணைப்புக்கும் நடக்கும் போக்குவரத்து மிச்சமாகும். நீண்ட நேர வேலை என்றால் சர்வரில் டிமக்ஸ் என்ற கருவியை நிறுவி அதற்குள் ஓட்டவேண்டும். நடுவில் சிக்னல் போனாலும் வேலை சர்வரில் தொடர்ந்து நடக்கும். மறுபடி இணைந்து விட்ட இடத்தில் பார்க்கலாம். 12,525 ஊராட்சிகளுக்கும் ஒளியிழை கொண்டுபோகும் டான்ஃபிநெட் திட்டம் வீட்டு வாசலுக்கு வரும்போது நிலைமை மாறும். அதுவரைக்கும் இந்தப் பழக்கங்கள்தான் துணை.

கட்டளைகளில் சிலவற்றை முதலிலேயே தெளிவாகத் தெரிந்துகொள்ளவேண்டும். ஷட்டவுன் என்பது மெய்நிகர் கணினியின் பவர் பொத்தானை அழுத்துவதுபோல ஒரு சைகையை அனுப்பும். உள்ளிருக்கும் இயங்குதளம் அதை மதித்தால்தான் அணையும். டெஸ்ட்ராய் என்பதைக் கண்டு பயந்து தொடாதவர்கள் இருக்கிறார்கள். அது மின்சாரத்தைப் பிடுங்குவதற்குச் சமம், அவ்வளவுதான். வட்டுக் கோப்பு அப்படியே இருக்கும், ஸ்டார்ட் கொடுத்தால் மீண்டும் எழும். கவனமாகக் கையாளவேண்டியது அன்டிஃபைன். அது மெய்நிகர் கணினியின் வரையறையையே லிப்விர்ட்டிலிருந்து நீக்கிவிடும். சேமிப்பையும் நீக்கு என்று சேர்த்துச் சொன்னால் வட்டும் போய்விடும்.

மின்தடைக்கும் இங்கே பதில் இருக்கிறது. ஆடிக் காற்றிலும் ஐப்பசி இடிமழையிலும் கரண்ட் போவது நம் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை. பள்ளியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஒரு சிறு சர்வர் இருந்தால், யுபிஎஸ் தாங்கும் சில நிமிடங்களுக்குள் அதற்குள்ளிருக்கும் கணினிகள் எல்லாம் ஒழுங்காக அணையவேண்டும். யுபிஎஸ்ஸை யுஎஸ்பியில் இணைத்து, நட் என்ற கருவியை நிறுவினால், பேட்டரி குறைந்ததும் அது சர்வரை அணைக்கச் சொல்லும். லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் என்ற சேவை, சர்வர் அணைவதற்கு முன் ஒவ்வொரு மெய்நிகர் கணினியையும் முறைப்படி அணைத்துவிடும். ஆட்டோஸ்டார்ட் குறித்துவைத்தவை கரண்ட் வந்து சர்வர் எழுந்ததும் தாமாக எழும். இரவு பதினோரு மணிக்கு யாரும் போய்ப் பார்க்கவேண்டியதில்லை.

லிப்விர்ட் மட்டும்தான் வழி என்றில்லை. வியன்னாவிலிருந்து 2008 முதல் வரும் பிராக்ஸ்மாக்ஸுக்கு கியூஎம், பிசிடி என்று சொந்தக் கட்டளைகள் இருக்கின்றன. ஜென்னுக்கு எக்ஸ்எல். விஎம்வேர் சர்வரில் ஈஎஸ்எக்ஸ்சிஎல்ஐ; வெளியிலிருந்து ஆள பவர்சிஎல்ஐ. வேலைக்குப் போகும் அலுவலகத்தில் எது இருக்கிறதோ அதைப் பழகத்தான் வேண்டும். கற்கத் தொடங்குகிறவருக்கு மட்டும் நான் திறந்த மூலக் கருவிகளைத்தான் சொல்வேன். பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனை நின்றது. 2024 தொடக்கத்தில் இலவசமாகக் கிடைத்துவந்த ஈஎஸ்எக்ஸ்ஐ பதிப்பும் நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மறுபடி வந்தது. இடைப்பட்ட காலத்தில் அதை வைத்து வீட்டில் பழகிக்கொண்டிருந்த மாணவர் என்ன செய்திருப்பார்? டெபியனிலிருந்து இறக்கிய விர்ஷை யாரும் அப்படித் திரும்பப் பெறமுடியாது.

தமிழில் படிக்க வசதியும் குறைவில்லை. 2012 முதல் வரும் கணியம் மின்னிதழ், லினக்ஸ் பற்றியும் அதன் கட்டளைகள் பற்றியும் தமிழிலேயே நிறைய எழுதியிருக்கிறது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் பாடங்களைத் தமிழ்க் குரலில் கேட்கலாம்.

புதூர் மாதிரி ஓர் ஊரின் பள்ளிக் கணினி அறையில் 8 ஜிபி நினைவகமுள்ள கணினி ஒன்று இருந்தால் அதையே சர்வராக்கலாம். திரை இல்லாத டெபியன் விருந்தினருக்கு, நிறுவி முடித்த பிறகு 512 எம்பி போதும். ஏழெட்டு மாணவர்களுக்கு ஆளுக்கொரு மெய்நிகர் கணினி தாராளமாகக் கொடுத்துவிடலாம். விர்ட்-இன்ஸ்டால் கட்டளையில் பெயர், நினைவகம், வட்டின் அளவு, டெபியன் நிறுவல் முகவரி ஆகியவற்றோடு, வரைகலை வேண்டாம், தொடர்முனையத்துக்குப் பேசு என்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். அப்போதுதான் நிறுவலின் கேள்விகள் நம் டெர்மினலிலேயே எழுத்தாக வரும். பின்னர் விர்ஷ் கன்சோல் வழியாக உள்ளே போவதற்கும் அதுதான் வழி. வட்டுக் கோப்பு கியூகவ்2 வடிவத்தில் இருக்கட்டும். வகுப்பு தொடங்கும் முன் ஸ்னாப்ஷாட்-கிரியேட்-ஆஸ் கொடுத்து நிலையைப் பதிந்துவிட்டால், பிள்ளைகள் ரூட்டாக உள்ளே போய் எதை வேண்டுமானாலும் அழித்தும் மாற்றியும் பார்க்கலாம். மணி அடித்ததும் ஆசிரியர் ஒரு ஸ்னாப்ஷாட்-ரிவர்ட் கொடுத்தால், அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்கு அதே கணினி புதிதாகத் தயாராகிவிடும்.